மகள் தலையில் பேன்: மூன்று தடவை மருந்து போட்டும் போகவில்லை, எங்கே தப்பு செய்கிறேன்?

மெய்ப்புத்தாள்:

என் மகளுக்கு எட்டு வயது. இடுப்பு வரை முடி. முடியை அவள் வளர்க்கவில்லை, முடிதான் அவளை வளர்க்கிறது என்று வீட்டில் கேலி செய்வோம். மனைவிக்கு வேலை மாற்றலாகிவிட்டதால் சனி, ஞாயிறு மட்டும்தான் வருகிறாள். ஆகவே ஆறு மாதமாகத் தலைவாரிச் சடை போடுவது என் பொறுப்பு. வகிடு நேராக எடுக்கவும், இரட்டைச் சடை ஒன்றுக்கொன்று ஏறி இறங்காமல் பின்னவும் கற்றுக்கொண்டேன். பேன் பாடத்திட்டத்தில் இல்லை.

இரண்டு வாரம் முன்பு ஒரு ராத்திரி தூக்கத்தில் பிடரியைப் பரபரவென்று சொறிந்தாள். கொசு என்று நினைத்து விசிறியைக் கூட்டிவைத்தேன். மறுநாள் பென்சில் பெட்டியைத் துடைக்க எடுத்தபோது அதன் அடியில் நாலாக மடித்த ஒரு துண்டுச்சீட்டு. "தலையைக் கொஞ்சம் பாருங்கள்" என்று வகுப்பு ஆசிரியை எழுதியிருந்தார். சீட்டில் மூன்று நாள் முந்தைய தேதி. ஒளித்துவைத்திருக்கிறாள்.

ஜன்னலோரம் உட்காரவைத்து, காதுக்குப் பின்னால் முடியை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒன்று நகர்ந்தது. எள்ளளவுதான் இருக்கும், முடியின் நிறத்திலேயே இருந்தது, வெளிச்சம் பட்டதும் ஓடி மறைந்துவிட்டது. அதன் பிறகு எங்கே முடியை விலக்கினாலும் ஈர்.

அன்று சாயங்காலமே மருந்துக்கடையில் கேட்டு ஒரு சதவீத பெர்மெத்ரின் லோஷன் வாங்கிவந்தேன். ஷாம்பூ போட்டு, சிக்கு விழக்கூடாதே என்று கண்டிஷனரும் போட்டு அலசி, சொட்டச் சொட்ட இருந்த தலையில் ஒரு புட்டி முழுவதையும் தடவி, பத்து நிமிடம் வைத்துக் கழுவினேன். இரண்டு பேன் செத்து வந்தன. நாலாம் நாள் பார்த்தால் ஈர் அப்படியே இருக்கிறது. இன்னொரு புட்டி. ஒன்பதாம் நாள் மறுபடி. இப்போது மண்டை சிவந்து எரிகிறது என்கிறாள். ஈர் மட்டும் போகவில்லை. வலது பக்கத்தில் மட்டும் நேற்று எண்ணினேன்: 43.

நான் பிழைதிருத்தும் வேலை பார்ப்பவன். ஒரு பக்கத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தால் தூங்க முடியாது. இப்போது அந்தக் கண் ராத்திரி பத்து மணிக்கு மகள் மண்டையில் வேலை செய்துகொண்டிருக்கிறது.

தலையணை உறை, போர்வை எல்லாம் தினமும் துவைக்கிறேன். பதினான்கு பொம்மைகளை மூட்டை கட்டி வெளியே வைத்திருக்கிறேன். கூட இருக்கும் என் அம்மா, "பேசாமல் மொட்டை அடித்துவிடு" என்கிறார். மகள் அதைக் கேட்டதும் சடையைக் கையில் பிடித்துக்கொண்டு குளியலறையில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். பக்கத்து வீட்டில் மண்ணெண்ணெய் தடவச் சொல்கிறார்கள். இன்னொருவர் எண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தேய்க்கச் சொல்கிறார்.

மருந்துக்கே சாகாத பேனா இது? இன்னும் கடுமையான மருந்து எதையாவது வாங்க வேண்டுமா? முடியை வெட்டாமல் இது போகுமா, போகாதா?

சும்மா இரு:

மொட்டை. பத்து நிமிஷ வேலை. முடி வளரும்.

மெய்ப்புத்தாள்:

அவளிடம் நீங்களே வந்து சொல்லிவிடுங்கள் சார். வாசல் கதவைத் திறந்தே வைக்கிறேன். திரும்பி ஓட வசதியாக இருக்கும்.

நைட் டியூட்டி:

சார், குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். முதலில் அந்த மருந்தை நிறுத்துங்கள். இத்தனை நாளுக்குள் மூன்று தடவை என்பது அதிகம். மண்டை சிவந்ததற்குப் பேனை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. எரிச்சல் அடங்காமல் நீர் கசிந்தாலோ, பொருக்குத் தட்டினாலோ, கழுத்துக்குப் பின்னால் நெறி கட்டியிருந்தாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சொறிந்த புண்ணில் கிருமி ஏறினால் அப்படி ஆகும். மற்றபடி தலைப்பேன் எந்த நோயையும் பரப்புவதில்லை. அரிப்பு என்பது அது கடிக்கும்போது விடும் எச்சில் நம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாததால் வருவது, அவ்வளவுதான்.

நீங்கள் எழுதியதில் மூன்று பிழை கண்ணில் பட்டது. (பிழைதிருத்துபவருக்கே பிழை சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.) கண்டிஷனர் முடியின் மேல் ஒரு படலம் போல ஒட்டிக்கொள்ளும், அதன் மேல் மருந்து பிடிக்காது. சொட்டும் ஈரத்தில் மருந்து நீர்த்துப்போகும். இடுப்பு வரை முடிக்கு ஒரு புட்டி எந்த மூலைக்குக் காணும்? கண்டிஷனர் இல்லாத ஷாம்பூவால் அலசி, துண்டால் நன்றாகத் துவட்டி, ஈரப்பதம் மட்டும் மிச்சம் இருக்கும்போது காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் தொடங்கி முடி முழுக்க நனைகிற அளவு போட வேண்டும். கழுவின பிறகு ஒன்றிரண்டு நாள் ஷாம்பூ போடக்கூடாது.

இரண்டாம் தடவை எப்போது என்பதுதான் பெரும்பாலானவர்கள் கோட்டைவிடும் இடம். இந்த மருந்து நடமாடும் பேனைக் கொல்லும், முட்டைக்குள் இருப்பதை எல்லாம் கொல்லாது. முட்டை பொரிய ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். பொரிந்து வந்த குஞ்சு வளர்ந்து முட்டையிட இன்னும் வாரம் பத்து நாள். ஆகவே எல்லாம் பொரிந்து, ஒன்றும் முட்டையிட ஆரம்பிக்காத நேரம் பார்த்து அடிக்க வேண்டும். அதனால்தான் ஒன்பதாம் நாள் என்று சொல்வார்கள். நீங்கள் நாலாம் நாள் போட்டது வீண். ஒன்பதாம் நாள் போட்டது சரியான நாள்தான், ஆனால் போட்ட விதம் பழையபடியே இருந்திருக்கும்.

இன்னொன்று, பெர்மெத்ரின் வகைக்கு மசியாத பேன்கள் பல நாடுகளில் இப்போது சகஜம். சரியாகப் போட்ட மறுநாளும் பேன் சுறுசுறுப்பாக ஓடினால் அதே மருந்தை மேலும் மேலும் ஊற்றுவதில் அர்த்தமில்லை. டைமெத்திகோன் என்று ஒரு சிலிகோன் எண்ணெய் உண்டு. அது விஷம் இல்லை, பேனைப் போர்த்தி மூடிக் கொல்லும். ஐவர்மெக்டின் லோஷன், மாலத்தியான் என்று வேறு சிலவும் உண்டு. மாலத்தியானைச் சின்னப் பிள்ளைகளுக்குப் போடுவதில்லை, அதன் லோஷன் தீயும் பிடிக்கும். லிண்டேன் என்று பழைய சரக்கு ஒன்று இருக்கிறது, வலிப்பு வரவைக்கும், யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இதில் எது என்று டாக்டர் சொல்லட்டும்.

மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். தீ ஒரு பக்கம், ஆவி நுரையீரலுக்குப் போவது ஒரு பக்கம். கற்பூரம் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும், பிள்ளைகளுக்கு வலிப்பு வந்து எங்கள் வார்டுக்கே வந்து சேர்வார்கள். தலையில் எதையாவது தடவி பிளாஸ்டிக் உறை மாட்டிப் படுக்கவைப்பதும் கூடாது, தூக்கத்தில் மூக்கை மூடிவிடும்.

சரி, எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அந்த 43 ஈரும் மண்டையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன? என்ன நிறம்?

மெய்ப்புத்தாள்:

சிஸ்டர், அரைமணி நேரம் கொடுங்கள். ஸ்கேல் எடுத்துவருகிறேன்.

அளந்தாகிவிட்டது. மறுபடி எண்ணியதிலும் 43. அதில் 37 மண்டையிலிருந்து ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் தள்ளி இருக்கின்றன. வெள்ளையாக, கண்ணாடி போல. மிச்சம் 6 மண்டையை ஒட்டியே, அரை சென்டிமீட்டருக்குள். அவை பழுப்பு.

நைட் டியூட்டி:

நினைத்தேன். பேன் முட்டையிடுவது சூடு கிடைக்கும் இடத்தில், மண்டையை ஒட்டி. முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும், ஒட்டின முட்டையும் கூடவே போகும். ஒரு சென்டிமீட்டர் தாண்டிவிட்டால் அது பொரிந்துபோன ஓடு, அல்லது செத்த முட்டை. அந்த 37-ஐ விட்டுவிடுங்கள். எந்த மருந்தும் அதைக் கழற்றாது, அப்படி ஒரு பசை. பொடுகு என்றால் ஊதினால் விழும், ஈர் விழாது.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. இரண்டு சென்டிமீட்டரில் ஓடு இருக்கிறது என்றால் பேன் வந்து இரண்டு மாதமாவது ஆகியிருக்கும். முதல் தடவை வருகிறவர்களுக்கு அரிப்பு தொடங்கவே நாலு வாரம், ஆறு வாரம் ஆகும். சிலருக்கு அரிப்பதே இல்லை.

மெய்ப்புத்தாள்:

37 காலி வீட்டுக்குத்தான் இத்தனை நாளாக மருந்து அடித்துக்கொண்டிருந்தேனா!

இரட்டைச்சடை அம்மா:

தம்பி, எனக்கு இரண்டு பெண்கள், இரண்டு பேருக்கும் உங்கள் மகளைப் போலத்தான் முடி. மொட்டையும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். நல்ல சீப்பு ஒன்று போதும். பிளாஸ்டிக்கில் விற்பார்களே, பல் வளைந்துகொடுக்கும், பேன் அதற்குள் புகுந்து தப்பிவிடும். உலோகப் பல் உள்ளதாக வாங்குங்கள். பல்லுக்குப் பல் இடைவெளி 0.3 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. முடி நுழையும்போது லேசாகப் பிடித்து இழுக்க வேண்டும், அதுதான் அடையாளம்.

காய்ந்த தலையில் பேன் பார்க்காதீர்கள். காய்ந்த தலையில் அது ஓடும். நனைந்த தலையில் அப்படியே முடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். தலையை அலசி, கண்டிஷனரைக் கஞ்சத்தனம் இல்லாமல் பூசுங்கள். மருந்துக்கு ஆகாத அதே கண்டிஷனர் சீப்புக்கு ரொம்ப வேண்டியது. முதலில் அகலப் பல் சீப்பால் சிக்கு எடுத்துவிட வேண்டும். இதை அவசரப்பட்டுத் தவிர்த்தால் பேன் சீப்பு பாதியில் மாட்டி, பிள்ளை கத்தி, அடுத்த தடவை கிட்டவே வரமாட்டாள். அப்புறம் முடியை நாலு பாகமாகப் பிரித்து மூன்றைக் கிளிப் போட்டு ஒதுக்கி, கையில் இருப்பதை விரல் அகலக் கற்றையாக எடுங்கள். சீப்பின் பல் மண்டையைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் அது தலைவாரல், பேன் எடுப்பது இல்லை. வேரிலிருந்து நுனி வரை ஒரே இழு. ஒவ்வோர் இழுப்புக்கும் வெள்ளைக் காகிதத்தில் துடைத்துப் பாருங்கள். பிடரி, காதோரம் இரண்டும் அதன் குடியிருப்பு, அங்கே இரண்டு மடங்கு பொறுமை வேண்டும். முழுவதும் ஒரு சுற்று முடித்து, கண்டிஷனரை அலசிவிட்டு ஈரத்தலையில் இன்னொரு சுற்று.

அந்த நீளத்துக்கு முதல் நாள் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆகட்டும். இன்று ஒன்றாம் நாள் என்றால், அடுத்து 5, 9, 13-ஆம் நாள்கள். 17-ஆம் நாள் ஒரு சோதனை. இடையில் பொரியும் குஞ்சு வளர்ந்து அடுத்த முட்டை போடுவதற்குள் சீப்பு வந்துவிடும், கணக்கு அவ்வளவுதான். ஒரு தவணை தவறினாலும் பழைய கதை.

காகிதத்தைப் பிள்ளை கையில் கொடுங்கள். எண்ணுவது அவள் வேலை. என் சின்னவள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைப்பாள். நகத்தில் வைத்துக் குத்துகிற சத்தம் கேட்க மட்டும் இரண்டு பேரும் ஓடிவருவார்கள்.

தினமும் போர்வை துவைப்பதை நிறுத்துங்கள் தம்பி. தலையை விட்டு இறங்கின பேன் ஒன்றிரண்டு நாளில் பட்டினி கிடந்து செத்துவிடும். கடைசி இரண்டு நாள் படுத்த தலையணை உறை, துண்டு, சீப்பு இவற்றை மட்டும் கை பொறுக்காத சூட்டு வெந்நீரில் போட்டு எடுங்கள். பொம்மைகளை விடுதலை பண்ணுங்கள், பாவம். ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்பார்களே, அதை நீங்கள் பதினான்கு பொம்மையோடு செய்துகாட்டியிருக்கிறீர்கள்.

நைட் டியூட்டி:

அக்கா சொல்வதற்கு ஆதாரமும் உண்டு. கண்டிஷனர் போட்டுச் சீவும் இந்த முறையையும் கடையில் வாங்கும் மருந்தையும் பிரிட்டனில் ஒப்பிட்டுப் பார்த்து 2005-இல் முடிவு வெளியிட்டார்கள். சீவினவர்களில் 57 சதவீதம் பேருக்குப் பேன் போயிருந்தது, மருந்து போட்டவர்களில் 13 சதவீதம். 57 என்பது நூறு இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், அக்கா மாதிரி பொறுமை எல்லாருக்கும் இல்லை.

மண்வெட்டி:

நடுவில் ஒரு சங்கதி. இஸ்ரேலில் லாகீஷ் என்ற பழைய நகரத்தைத் தோண்டியபோது 2016-இல் யானைத் தந்தத்தில் செய்த ஒரு குட்டிச் சீப்பு கிடைத்தது. 3.5-க்கு 2.5 சென்டிமீட்டர்தான். ஒரு பக்கம் ஆறு தடித்த பல், சிக்கு எடுக்க. மறுபக்கம் நெருக்கமாகப் பதினான்கு பல், பேன் எடுக்க. இன்றைக்கும் அதே வடிவம்தான். அதில் ஏதோ கீறியிருப்பது சில ஆண்டு கழித்துத்தான் கண்ணில் பட்டது. 2022-இல் படித்து வெளியிட்டார்கள். அந்தப் பகுதியில் பழங்காலத்தில் வழங்கிய கானானிய எழுத்து, மொத்தம் 17. "இந்தத் தந்தம் தலைமுடியிலும் தாடியிலும் உள்ள பேனை வேரோடு களையட்டும்." வயது ஏறத்தாழ 3,700 ஆண்டு. அந்த எழுத்தில் கிடைத்த முதல் முழு வாக்கியமே அதுதானாம். பல்லிடுக்கில் பேனின் மிச்சமும் இருந்திருக்கிறது.

மெய்ப்புத்தாள்:

மகளிடம் படித்துக்காட்டினேன். "அவங்களுக்குப் போச்சா?" என்று கேட்டாள்.

கரும்பலகை:

அந்த மாதிரி சீட்டு எழுதி அனுப்பும் வேலை எனக்கும் உண்டு. இருபது வருஷமாக எழுதுகிறேன். உங்கள் மகள் ஒளித்துவைத்ததைப் படித்ததும் கை நின்றுவிட்டது. பொதுவாகச் சீட்டைப் பிள்ளையிடம்தான் கொடுத்துவிடுவோம். போகும் வழியில் அதை ஒரு பிள்ளை படிக்கும், பக்கத்தில் இருப்பதும் படிக்கும். இனிமேல் போன் செய்துவிடுவது என்று முடிவெடுத்திருக்கிறேன்.

அவளை வீட்டில் நிறுத்திவைக்காதீர்கள் சார். நீங்கள் பார்த்த நாளுக்கு முன்பே ஒரு மாதத்துக்கு மேல் அந்தப் பேன் பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே, பேன் இருக்கிறது என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பக்கூடாது, ஈர் முழுவதும் போனால்தான் வரலாம் என்று விதி வைக்கக்கூடாது என்கிறது. பேனுக்குத் தாவத் தெரியாது, பறக்கத் தெரியாது. தலையும் தலையும் ஒட்டினால் ஏறும். பிள்ளைகள் ஒரு புத்தகத்தை மூன்று பேராகப் பார்க்கும்போது, ரகசியம் பேசும்போது. அழுக்குத் தலைக்குத்தான் வரும் என்று பெரியவர்களே சொல்லிச் சொல்லி வைத்திருக்கிறோம். பேனுக்கு வேண்டியது ரத்தமும், பிடித்துக்கொள்ளத் தலைமுடியும்தான், சுத்தம் பார்த்து அது குடியேறுவதில்லை.

நீங்கள் செய்ய வேண்டிய சங்கடமான வேலை ஒன்று இருக்கிறது. அவளோடு ஒட்டிக்கொண்டு திரியும் பிள்ளைகளின் வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள். "உங்கள் பெண்ணிடமிருந்து வந்ததா?" என்று ஆரம்பிக்காமல், "எங்கள் வீட்டில் இருக்கிறது, நீங்களும் ஒரு தடவை பாருங்கள்" என்று.

மெய்ப்புத்தாள்:

மூன்று வீட்டுக்குப் போன் செய்தேன் டீச்சர். முதல் அம்மா மௌனமாகிவிட்டார். இரண்டாவது அம்மா "ஐயோ, எங்கள் வீட்டிலும் ஒரு மாதமாக, யாரிடமும் சொல்லவில்லை" என்றார். மூன்றாவது வீட்டில் அப்பா எடுத்தார், "பேன் என்றால் என் மனைவியிடம் பேசுங்கள்" என்று வைத்துவிட்டார். நானும் ஆறு மாதம் முன்பு அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

சீவல் கணக்கு. எடுத்ததை எல்லாம் ஒளி ஊடுருவும் டேப்பில் ஒட்டி வெள்ளைத்தாளில் வைத்திருக்கிறேன், தேதி போட்டு. மனைவி அந்த நோட்டைச் சாப்பாட்டு மேசையிலிருந்து எடுக்கச் சொல்கிறாள்.

ஒன்றாம் நாள்: ஒரு மணி ஐம்பது நிமிடம். மொத்தம் 11. முழு வளர்ச்சி 3, நடுத்தரம் 5, தூசி போல 3. கடைசிக் கால் மணி நேரம் சீப்பில் ஒன்றும் வரவில்லை.

ஐந்தாம் நாள்: ஒரு மணி பத்து நிமிடம். 4. எல்லாம் தூசி அளவு. லென்ஸ் வைத்துத்தான் கால் தெரிந்தது. மண்டைச் சிவப்பு போய்விட்டது.

ஒன்பதாம் நாள்: 2. இரண்டும் முழு வளர்ச்சி. ஒன்று வயிறு நிறையக் குடித்துவிட்டுக் கருஞ்சிவப்பாக இருந்தது.

குறைகிறது என்று சந்தோஷப்படுவதா? எனக்கு என்னவோ இடிக்கிறது.

நைட் டியூட்டி:

இடிக்கத்தான் வேண்டும் சார். உங்கள் டேப் நோட்டைக் கிண்டல் செய்ய இருந்தேன், வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஐந்தாம் நாள் வந்ததெல்லாம் தூசி, அதாவது பொரிந்து ஒன்றிரண்டு நாள் ஆன குஞ்சு. அன்று விட்டுப்போனது இருந்தாலும் நாலு நாளில் முழுப் பேனாக ஆகாது. அப்படியென்றால் இந்த இரண்டு பெரியதும் இரண்டு தடவை சீப்புக்குத் தப்பியிருக்க வேண்டும், இல்லை என்றால் புதிதாக வேறொரு தலையிலிருந்து வந்திருக்க வேண்டும். உங்கள் சீவலை நான் நம்புகிறேன். வேறு தலையைத் தேடுங்கள். வீட்டில் யார் யார்? அவள் யார் பக்கத்தில் படுக்கிறாள்?

மெய்ப்புத்தாள்:

என் அம்மா பக்கத்தில்.

இரட்டைச்சடை அம்மா:

முதல் நாளே கேட்டிருக்க வேண்டும் நான். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில் பார்க்க வேண்டும் தம்பி, உங்களுக்கும் சேர்த்து. பேன் இருக்கிற தலைக்கு எல்லாம் ஒரே நாளில் சீப்பு. இல்லை என்றால் இது இங்கே ஏற அது அங்கே ஏற, ஊஞ்சல்தான்.

மெய்ப்புத்தாள்:

என் தலையில் இல்லை (இருப்பதே காதோரம் கொஞ்சம்). சனிக்கிழமை மனைவிக்குப் பார்த்தேன், இல்லை.

அம்மாவிடம் கேட்க இரண்டு நாள் ஆனது. "எனக்கா? எனக்கு அரிப்பே கிடையாது. என் தலையில் இருப்பதே நாலு முடி" என்றார். சிஸ்டர் சொன்னதைச் சொன்னேன், சிலருக்கு அரிக்காது என்று. "உன் சிஸ்டர் என் தலையைப் பார்த்தாளா?" என்றார். கடைசியில் பேத்திதான் கையைப் பிடித்து இழுத்துவந்து ஜன்னலோரம் உட்காரவைத்தாள்.

அம்மாவின் தலையை நான் தொட்டு எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. முடி அவ்வளவு மெலிந்துபோயிருக்கிறது, சீப்பு சிக்காமல் வழுக்கிக்கொண்டு வருகிறது. நரையில் பேன் நன்றாகத் தெரிகிறது, ஈர்தான் தெரியவில்லை, வெள்ளைக்குள் வெள்ளை. பாதிப் பிடரி முடிவதற்குள் காகிதத்தில் நாலு. மொத்தம் 9. மகள் சத்தமாக எண்ணினாள். அம்மா ஒன்றும் பேசவில்லை. முழுவதும் முடிந்த பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"அப்போ எனக்கும் மொட்டை அடிக்கப் போறியா?"

மகள் சிரித்த சிரிப்பில் கண்டிஷனர் கிண்ணம் கவிழ்ந்துவிட்டது.

இரட்டைச்சடை அம்மா:

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். இனி இருவருக்கும் சேர்த்து அன்றிலிருந்து புதிதாக 1, 5, 9, 13. தொடர்ந்து மூன்று தடவை ஒன்றும் வராமல் இருந்தால்தான் விட வேண்டும்.

நைட் டியூட்டி:

அம்மாவுக்குத் தோல் மெலிந்திருக்கும், பல்லை ரொம்ப அழுத்தாதீர்கள்.

மெய்ப்புத்தாள்:

மூன்று வாரம் ஆகிவிட்டது, தகவல் சொல்லிவிட்டுப் போகிறேன். புதுக் கணக்கில் ஒன்றாம் நாள் அம்மாவிடம் அந்த 9, மகளிடம் 1. ஐந்தாம் நாள் அம்மாவிடம் தூசி 3, மகளிடம் எதுவும் இல்லை. ஒன்பது, பதின்மூன்று, பதினேழு: இரண்டு தலையிலும் ஒன்றும் இல்லை. மறுபடி மருந்து எதுவும் போடவில்லை. சீவும் நேரம் முப்பத்தைந்து நிமிடத்துக்கு வந்திருக்கிறது.

போனில் மௌனமான முதல் அம்மா நேற்றுக் கூப்பிட்டுச் சீப்பு எந்த மாதிரி என்று கேட்டார்.

வெள்ளை ஓடுகள் இன்னும் இருக்கின்றன, முடியோடு இறங்கி இப்போது மூன்று சென்டிமீட்டரில். விட்டுவிட்டேன். பிழை இருப்பது தெரிந்தும் ஒரு பக்கத்தை அப்படியே விடுவது இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு இதுதான் முதல் தடவை.

சும்மா இரு:

பையன் இரண்டு நாளாகச் சொறிகிறான். மொட்டை என்றேன், அவனும் அவன் அம்மாவும் என்னோடு பேசுவதில்லை. அந்தச் சீப்புப் பல் இடைவெளி எவ்வளவு என்றீர்கள்?

மெய்ப்புத்தாள்:

0.3 மில்லிமீட்டருக்குள். உலோகப் பல். உங்கள் தலையையும் பார்த்துக்கொள்ளுங்கள் சார்.